சும்மா ஒட்டிக்கொண்ட ‘அன்’

“அம்மா, எங்கூட கோயமுத்தூர் வாரியா?”

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் நித்யா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு கேட்டாள். அந்தக் கையில் அப்போது உணர்ச்சி பாதிதான் இருந்தது. வாசலில் மருமகன் காரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார். பின்சீட்டில் தலையணை எல்லாம் போட்டுத் தயாராக வந்திருந்தார்கள்.

என் மனைவி பத்மா சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. பிறகு சொன்னாள்.

“அன்கோ.”

‘கோ’ என்றால் போவது. அதற்கு முன்னால் ஒரு ‘அன்’. ஆங்கிலத்தில் ‘அன்’ வந்தால் இல்லை என்று அர்த்தம் என்பது எனக்கே தெரியும். ஹேப்பி, அன்ஹேப்பி. அப்படிப் பார்த்தால் அவள் வரவில்லை என்கிறாள். ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து வாயில் வரும் எல்லா வார்த்தைக்கும் முன்னால் அவள் அந்த ‘அன்’னைப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாலும் ‘அன்வாட்டர்’தான்.

நித்யா என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, அம்மா என்ன சொல்றாங்க? வாரேங்குறாங்களா, வரலேங்குறாங்களா?”

நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நடக்கும் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது.

கடைப் பலகையில் ஒரு ‘ரீ’

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக என் கடையைப் பற்றியும் எரிந்துபோன மோட்டார்களைப் பற்றியுமே எழுதிவந்தேன். பத்மா இடையில் வந்தாலும் காபி வைத்துவிட்டுப் போவதோடு சரி. அவளைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. இந்த வாரம் அப்படித் தள்ள முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

பத்மா ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். அகரத்துக்கு அந்தாண்டை ஒரு அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எனக்குத் திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவோம். கல்யாணமான புதிதில் ஒருநாள் கடைக்கு வந்தவள், உள்ளே நுழையாமல் தெருவிலேயே நின்று பலகையைப் பார்த்தாள்.

“ஏனுங்க, போர்டுல ‘ரீ-ரீவைண்டிங்’னு போட்டிருக்குதுங்களே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ரீவைண்டிங்னாலே திருப்பிச் சுத்தறதுதானுங்க. அதுக்கு முன்னால இன்னொரு ‘ரீ’ எதுக்குங்க?”

பெயின்டர் தப்பாக எழுதியிருந்தான் என்பதுதான் உண்மை. ஆனால் புதுப் பெண்டாட்டியிடம் அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. “வேற கடையில மட்டமா சுத்திக் கெடுத்ததை நாங்க திரும்பவும் சுத்துறோம்ல? அதுக்குத்தான்” என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்படின்னா சரிதானுங்க” என்றாள். அந்தப் பலகையை மாற்றவே இல்லை.

எரியும் டப்பாக்கள்

உள்ளே வந்தவள் வார்னிஷ் டப்பாக்களைப் பார்த்தாள். காயில் சுற்றி முடித்ததும் அதன்மேல் ஊற்றுகிற வார்னிஷ். அந்த வாசனை என் சட்டையில் இருந்து இன்றுவரை போனதில்லை. இரண்டு கம்பெனி டப்பா இருந்தது. ஒன்றில் ‘ஃப்ளேமபிள்’ என்று சிவப்பில் போட்டிருந்தது. இன்னொன்றில் ‘இன்ஃப்ளேமபிள்’.

முதல் டப்பாவை நாங்கள் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம். இரண்டாவதை, காயிலைக் காயவைக்கிற அடுப்புக்குப் பக்கத்திலேயே.

“இது ஏனுங்க அடுப்பு ஓரத்துல இருக்குது?”

மெக்கானிக் பீர் முகமது பதில் சொன்னார். என்னைவிடப் பெரியவர், கடைக்கே அவர்தான் தூண். “அது தீப்புடிக்காததும்மா. மேல எழுதியிருக்குல்ல. ‘விசிபிள்’னா தெரியும், ‘இன்விசிபிள்’னா தெரியாது. அந்த மாதிரி.”

பத்மா முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டும் ஒண்ணுதானுங்க பாய். ரெண்டும் தீப்புடிக்கும். அந்த ‘இன்’னுக்கு அதுல இல்லைங்கற அர்த்தமே கிடையாது.”

பீர் பாய் அடுப்பைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். “யா அல்லா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். வருஷக்கணக்காக அது அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டானது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருபவள், சேலையில் சாக்பீஸ் தூளோடு, அன்றைக்குக் கண்ட வேலையற்ற ஒட்டு ஒன்றைச் சொல்வாள். ‘டில்’ என்றாலும் வரைக்கும், ‘அன்டில்’ என்றாலும் வரைக்கும். ‘ரேவல்’ என்றாலும் நூல் பிரியும், ‘அன்ரேவல்’ என்றாலும் பிரியும். ஒரு வீட்டை ‘ஹேபிடபிள்’ என்றாலும் குடியிருக்கலாம், ‘இன்ஹேபிடபிள்’ என்றாலும் குடியிருக்கலாம். பரீட்சையில் பிள்ளைகள் இதில்தான் விழுவார்கள் என்பாள்.

நான் என் பங்குக்குக் கடையிலிருந்து கொண்டுவருவேன். பீர் பாய் நட்டைக் கழற்றச் சொல்லும்போதெல்லாம் “அன்லூஸ் பண்ணு” என்பார். “தப்பே இல்லீங்க, ‘அன்லூஸன்’னு நெசமாவே ஒரு வார்த்தை இருக்குது, அதுக்கும் தளர்த்தறதுன்னுதான் அர்த்தம்” என்று அவள் சொன்னபோது பீர் பாய்க்கு ஏகப் பெருமை.

“நம்ம மட்டும் என்ன, ‘நடுசென்டர்’ங்குறோமே” என்பேன் நான்.

ஒருமுறை கேட்டேன். வேலையே செய்யாத எழுத்தை எதற்காக வார்த்தைக்கு முன்னால் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். “சொல்லு ஒத்தையா நின்னா பத்தலைன்னு பேசறவங்களுக்குத் தோணியிருக்குமுங்க.”

காபி வடிகட்டும்போது

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் அந்தப் பக்கவாதம் வந்தது. காலையில் காபி வடிகட்டிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கூப்பிட முயன்றாள். “ஏ... ஏ...” என்பதற்கு மேல் வரவில்லை.

மதுரையில் சில வாரம் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கால் மெதுவாகத் திரும்பியது. கை பாதி திரும்பியது. பேச்சு போனது போனதுதான் என்று நான் நினைத்திருந்த நேரத்தில், வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் மதியம் செம்பைக் காட்டி அவள் சொன்னாள்.

“அன்வாட்டர்.”

ஆங்கிலம். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் என்னோடு ஒரு வரி ஆங்கிலம் பேசாதவள். தமிழ் எங்கேயோ உள்ளே மாட்டிக்கொண்டது. வகுப்பறையில் பேசிப் பேசித் தேய்ந்த பாஷைதான் முதலில் வெளியே வந்தது. அதுவும் இப்படி ஒரு தலைப்பாகை கட்டிக்கொண்டு.

அவள் சொன்ன தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். குடித்தாள். நான் பின்வாசலுக்குப் போய் அங்கே கிடந்த பழைய மோட்டார் மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி எனக்குத் தெரியாத ஊருக்குக் குடிபோய்விட்ட மாதிரி இருந்தது.

வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. அவளிடம் அந்த ‘அன்’னைப் பற்றிக் கேட்டேன்.

“அது அர்த்தத்தோட வர்றதில்ல சார். பேச்சைத் தொடங்குறதுக்கு அவங்க வாய்க்கு ஒரு பிடிமானம் வேணும். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போறாங்க.”

“அப்ப எப்பவுமே சும்மாதானா?”

“அப்படியும் சொல்ல முடியாது. சில நேரம் நெசமாவே வேணாம்னு சொல்றதா இருக்கும். பக்கத்துல இருக்குறவங்கதான் பாத்துப் பழகணும்.”

தலையாட்டச் சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் குழம்பிப்போயிருந்தது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டம்தான்.

நான்தான் அகராதி

பார்த்துப் பழகினேன். ‘அன்டோர்’ என்றாள். கதவைச் சாத்தினேன். இடது கையால் கட்டிலில் அடித்தாள். திறந்தேன். சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்தது, கண்ணை மூடிக்கொண்டாள். ஆக அந்த ‘அன்’ சும்மா. ‘அன்ரைஸ்’ என்று சொன்னபோது சோற்றைத் தொடாமல் தட்டை நகர்த்தினாள். ஆக அந்த ‘அன்’ வேண்டாம் என்கிற ‘அன்’. கண் எங்கே போகிறது, இடது கைவிரல் வேண்டாம் என்று மடங்குகிறதா, வேண்டும் என்று விரிகிறதா, இதையெல்லாம் வைத்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். மோட்டாரை ஓடவிட்டுச் சத்தத்தை வைத்தே எந்தக் காயில் போயிற்று என்று சொல்லுகிறவன் நான். இதுவும் அந்த மாதிரிதான் என்று இருந்தது.

சில மாதத்தில் பாதி வார்த்தையிலேயே எனக்குப் பிடிபட்டுவிடும். அவள் “அன்...” என்று இழுக்கும்போதே “ஃபேனா?” என்பேன். “போர்வையா? மாத்திரையா? நித்யாவுக்குப் போன் போடவா?” ஏதாவது ஒன்று சரியாக இருக்கும்.

பழைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நாலைந்து பேர் ஒருநாள் பார்க்க வந்தார்கள். பத்மாவுக்குத் தலைவாரிப் பூ வைத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். அவர்கள் கேட்கக் கேட்க அவள் உதட்டைக் கூட்டுவாள், நான் பதிலைச் சொல்லிவிடுவேன். “தூக்கம் நல்லா வருதாம். கால் வலி குறைஞ்சிருக்காம். ஒங்க பையன் கல்யாணத்துக்கு வர முடியலேன்னு வருத்தப்படுறா.”

“டீச்சர் மனசுல நெனைக்கிறது சாருக்கு அப்படியே தெரியுதே” என்றார்கள் போகும்போது.

எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. அன்று முழுக்க பத்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வந்தவர்களோடு உட்கார்ந்ததில் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு

இப்படி இருக்கும்போதுதான் நித்யா வந்து கேட்டது. அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பேச்சு இழந்தவர்களுக்கு ஒரு மையம் இருக்கிறது, தினமும் பயிற்சி, அம்மா தேறிவிடுவார்கள் என்றாள். நான் கூடப் போக வழியில்லை. அவர்களுக்கு இரண்டே அறை, சம்பந்தியம்மாவும் அங்கேதான். இங்கேயோ கோடை ஆரம்பம், கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார்கள் வரிசையாக எரிகிற காலம். “ரெண்டு மூணு மாசம்தானப்பா” என்றாள்.

“வாரேங்குறாங்களா, வரலேங்குறாங்களா?”

நான் பத்மாவைப் பார்த்தேன். வழக்கமாக ஒரு வார்த்தை சொன்னதும் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று என் முகத்தைப் பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. அவள் கண் திறந்திருந்த வாசல் கதவில் இருந்தது. இடது கைவிரல்கள் போர்வையின் மேல் விரிந்துகிடந்தன.

எனக்குத் தெரிந்துவிட்டது.

வரமாட்டேன் என்கிறாள் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் மறுத்துப் பேசியிருக்கப்போவதில்லை. ‘அன்’ என்றால் இல்லை, உலகத்துக்கே தெரியும். நித்யா கொஞ்சம் அழுதுவிட்டுக் கிளம்பியிருப்பாள். தலையணையை மருமகன் மடித்து வைத்திருப்பார். பத்மா இங்கேயே இருந்திருப்பாள்.

“என்னப்பா?” என்றாள் நித்யா.

“வாரேங்குறா” என்றேன்.

துணிகளை எடுத்துவைத்தேன். மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று சொல்லிக்கொடுத்தேன். காரில் ஏறும்போது அவளுடைய வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தது நான்தான். கார் திரும்பும்வரை நின்றேன். அவள் கையை ஆட்டியிருக்கலாம். கண்ணாடியில் வெயில் அடித்தது, தெரியவில்லை.

மலை வாழைப்பழம்

தனியாக இருப்பதில் கஷ்டம் பெரிய விஷயங்களில் இல்லை. சோறு வடித்துக்கொள்ளலாம், குழம்பை மெஸ்ஸில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பழக்கத்தில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வாங்கிவந்துவிடுவேன். இரண்டு தின்பதற்குள் மற்றதெல்லாம் கறுத்துவிடும். வீடு முழுக்க அந்தக் கனிந்த வாசனை அடிக்கும்போது, யாரோ இருக்கிற வீடு மாதிரியே இருக்கும்.

சாயங்காலம் பீர் பாய் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை நீட்டுவார். “வீட்டுக்கு வாங்க தம்பி, செத்த நேரம் இருந்துட்டுப் போலாம்” என்பார். ஒரு தடவை போனேன். அவர் பேரப்பிள்ளைகள், மருமகள்கள், டிவி என்று ஒரே சத்தம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது என் வீட்டின் அமைதி இரண்டு மடங்காகிவிட்டது. அதற்குப் பிறகு போகவில்லை.

மூன்று மாதம் ஆறானது. நித்யா போனில் சொல்வாள், தமிழ் வந்துவிட்டது என்று. அந்த ‘அன்’ குறைந்துவிட்டது என்று. பத்மாவிடம் கொடுத்தால் பேச மாட்டாள். “அம்மாவுக்குப் போன்ல கூச்சம்ப்பா. நேர்ல வாங்க.”

போனேன். வாழைப்பழத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஒட்டன்சத்திரம், பழனி வழியாக.

காத்திருக்கும் அறை

மையத்தில் ஒரு நீண்ட அறை. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பத்மா நீலச் சேலையில், ஜன்னல் ஓரத்தில். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் கிட்டத்தட்ட நேராகிவிட்டிருந்தது. என்னைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பேங்க்கில் இருந்தவராம், வாட்டசாட்டமான மனிதர், அவர் முறை. “தோ... தோ...” என்றார். நின்றுவிட்டார். எல்லோரும் சும்மா இருந்தார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தம். தெருவில் ஒரு கீரைக்காரி போனாள். தோசை என்று சொல்லிவிட்டால் என்ன என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். “தோசை” என்றார் கடைசியில். ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்தவர் பக்கம் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

பத்மா முறை வந்தது. “நான்...” என்றாள். “ரெண்டு... ரெண்டு...”

“இட்...” என்று என் வாய் திறந்துவிட்டது. எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த, பயிற்சி கொடுக்கிற அம்மாள் திரும்பாமலே கையை உயர்த்தினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

“ரெண்டு... ஆப்பம்” என்றாள் பத்மா.

முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். பையைக் கொடுத்தேன். பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“நல்லாத் தேறிட்ட. வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்டேன். “கடையைப் பீர் பாய் பாத்துக்குவாரு. நான் வீட்டுலயே ஒங்கூட இருக்கேன்.”

அவள் தோலை உரித்தபடியே இருந்தாள். இடது கையால் உரிக்கப் பழகியிருந்தாள்.

“நான்... இங்கயே... இருக்கறனுங்க.”

“எம்புட்டு நாளைக்கு?”

“தெரியலீங்க.”

கேட்காமல் திரும்ப முடியாது என்று தோன்றியது. “அன்னைக்கு நித்யா கேட்டப்ப, போறேன்னு சொன்னியா, போகலேன்னு சொன்னியா?”

“போறேன்னு.” உடனே வந்தது. பிறகு மெதுவாக, “உங்களுக்கு... தெரியுமில்லீங்க.”

“தெரியும்.”

அவள் பழத்தில் பாதியை ஒடித்து என் கையில் வைத்தாள். “அங்க... நான் சொல்றதுக்கு முன்ன... நீங்க... சொல்லீருவீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. குறை சொல்லும் தொனிகூட இல்லை. இங்கே வெயில் குறைவு, அங்கே அதிகம் என்பது போலச் சொன்னாள். “இங்க... எல்லாரும்... இருப்பாங்க. நான் முடிக்கற... வரைக்கும்.”

எனக்குத் தெரிந்த அன்பு அதுதான், அவளுக்குச் சிரமம் வைக்காமல் எடுத்துக் கொடுப்பது. அதை அங்கே உட்கார்ந்து விளக்கிச் சொல்ல நான்கைந்து வாக்கியம் வேண்டும். அதை அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பழத்தைத் தின்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது பழனிக்கு இந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்த முடியவில்லை, சட்டம் துருப்பிடித்திருந்தது. ஒரு தோள் நனைந்தபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

சாயங்காலப் போன்

இப்போது அவளே பேசுகிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வரும். மையத்தில் புதிதாக வந்தவர்களைப் பற்றிச் சொல்வாள், பேங்க்காரர் பேரன் பெயரைச் சொல்லிவிட்டார் என்பாள். நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுவாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசாமல் இருப்பேன். அவள் தேடுகிற வார்த்தை எனக்குத் தெரிந்திருக்கும். பல்லுக்குப் பின்னால் அதை நிறுத்திவைப்பேன். இது பழக நாளாயிற்று.

போன வாரம் ஒருநாள், வழக்கமான பேச்செல்லாம் முடிந்தபின் கேட்டாள்.

“நீங்க... அங்க...”

நின்றாள்.

‘சாப்டீங்களா’ என்று கேட்கப்போகிறாள். தினமும் கேட்பதுதான். மெஸ்ஸில் வாங்கிய குழம்பு முன்னால் இருந்தது. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. யாரோ நடந்துபோனார்கள்.

“தனியா... எப்படி... இருக்கறீங்க?” என்றாள்.

வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. போனை வைத்துவிடவும் இல்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.